கீழ்த் திருகாணி

முதலில் கீழ்த் திருகாணி.
அது மட்டும் கழன்றால்
சாட்சிக் கூண்டில் நிற்பவன் மாதிரி
சொட்டுச் சொட்டாய்த்தான் விடும்.
மேல் திருகாணியையும் தளர்த்தினால்
காற்று உள்ளே போகும்.
பிறகு நிறுத்த முடியாது.

குந்துகால். கார்த்திகை பிறந்து ஒன்பது நாள்.
வாடை எழுந்து வடகடல் முறுக்கிக் கிடக்க
வள்ளமெல்லாம் தென்கடல் பக்கம்.
உடைமரத்தில் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே
என் பட்டறையில்
மரியசிலுவையின் பத்துக் குதிரை மோட்டார்
நட்டமாய் நிற்கிறது.

"கியர் போட்டா நறநறங்குது."
"எண்ணெய் எப்ப மாத்தின?"
"மாதா திருநாளுக்கு முந்தி."
எந்த வருஷத்துத் திருநாள் என்று
நான் கேட்கவில்லை.

முதலில் வந்தது எண்ணெயே இல்லை.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்,
உப்பு.
அதற்குப் பின்னால் மெதுவாக
டீக்கடைப் பால் நிறத்தில் இறங்கியது மற்றது.
திருகாணி முனைக் காந்தத்தில்
அரும்பு மீசை அளவுக்கு இரும்புத்தூள்.

"லாரிக்கு ஊத்துற தொண்ணூறு ஊத்துனா என்ன?
பாதி வெலதான."
"லாரி தண்ணிக்குள்ள நிக்கிறதில்ல."

லாரி எண்ணெயை நான் பழித்ததில்லை.
கரையில் அது உத்தமம்.
கடல்தண்ணீர் கலந்தால்
பல்லை விட்டு நழுவிவிடும்.
படகுக்கென்று வருவது கொஞ்சம் பொறுக்கும்,
கொஞ்சம்தான்.
நடுக்கடலில் தேங்காயெண்ணெய் ஊற்றிக்
கரை சேர்ந்தவன் ஒருவனும் இருக்கிறான்,
அவனைக்கூட நான் ஏசவில்லை.
ஆனால் சீல் கிழிந்துவிட்டால்
எந்த டப்பாவை வாங்கி என்ன.

காத்தாடியைக் கழற்றினேன்.
தண்டின் கழுத்தில், சீலுக்குள் புதைந்து
பச்சை நரம்பு.
குறட்டால் பிடித்து இழுக்க இழுக்க
வந்துகொண்டே இருந்தது,
சூட்டில் உருகி, கத்தியாய் இறுகி.

மரியசிலுவையின் வலை வெள்ளை.

நடுவில் ஒரு முடிச்சு இருந்தது.
முடிச்சில் ஒரு சிவப்புப் பொட்டு.

நகப்பூச்சு.
ஞானப்பூ தன் நண்டு வலையில்
பத்து முடிச்சுக்கு ஒன்று தொட்டுவைப்பாள்,
வலை கலந்துபோனால் அடையாளம் என்று.
போன செவ்வாய் இரவு
ஆறு துண்டு வலை அறுந்து போனது அவளுக்கு.
குழுக்கடனில் இன்னும் பதினோரு தவணை பாக்கி.
யார் மோட்டார் என்று
கரை முழுக்கக் கேட்டாள்.
டார்ச் அடித்துக்கொண்டு கூடவே தேடியவன்
மரியசிலுவை.

அதைக் கழிவுத்துணியோடு சுருட்டி
வாளியில் போட்டிருக்கலாம் நான்.
பேப்பரில் பரப்பி வைத்தேன்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.
"ராத்திரி ஒரு தடவ முக்குச்சு.
பாசின்னு நெனச்சேன்."
நான் சீலைத் தட்டி உட்காரவைத்தேன்.
"பாசின்னுதான் நெனச்சேன்"
என்றான் மறுபடியும்,
நான் ஒன்றும் கேட்காதபோதே.

புது எண்ணெயைக் கீழிருந்துதான் ஏற்றவேண்டும்.
மேலிருந்து ஊற்றினால்
உள்ளே காற்று ஒளிந்துகொள்ளும்,
நிறைந்ததாய்ப் பொய் சொல்லும்.
டியூபைக் கீழ்த்துளையில் வைத்து அமுக்கி
மேல்துளையில் குமிழி இல்லாமல்
தேன் நிறம் வழியும்வரை
கை வலிக்கக் காத்திருந்தேன்.
பிறகு மேல் திருகாணி, பிறகு கீழ்.
"பழைய வாசரே போதுமே?"
"போதாது."

சீல், எண்ணெய், வாசர் ரெண்டு, கூலி.
எண்ணிக் கொடுத்தான்.
பேப்பரை நரம்போடு நாலாக மடித்தான்.
வீசப்போகிறான் என்று நினைத்தேன்,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மோட்டார் இருக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன்."

மேட்டுப்பாதையில் ஏறிப் போனான்.
மேட்டில் இரண்டு வீடு,
முதல் வீடு அவனுடையது.
அதைத் தாண்டினானா என்று
இங்கிருந்து தெரியாது,
தார்ப்பாய் மறைக்கிறது.

சாயங்காலம் வரை
வாளியில் அந்தப் பால்
தெளியவே இல்லை.